உள்பக்கம் வெளியே போன ஷெட்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிற்கும் தகர ஷெட்டை யார் பார்த்தாலும் ஒரு தடவை சுற்றி வந்து பார்ப்பார்கள். பிறகு, இது ஏன் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று கேட்பார்கள். ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அதை மாட்டியவள் நான், நான் ஒரு தையல்காரி.

பள்ளிச் சீருடை தைப்பது என் பிழைப்பு. பள்ளி திறக்கும் சமயத்தில் சாப்பாட்டு மேசை, கட்டில், குளியலறை வாசல் என்று எங்கே பார்த்தாலும் துணிக்கட்டுதான். என் வீட்டுக்காரர் ஒரு நாள் அதில் தடுக்கி விழுந்தார். எழுந்தார், நேராக வெளியே போய் இந்த ஷெட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார். தகடு தகடாக, திருகாணிப் பொட்டலத்தோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. ஆள் வைத்து மாட்டிக்கொள்ளலாம் என்றார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை தைத்துப் போட்டவளுக்கு நாலு தகரத்தைச் சேர்க்கத் தெரியாதா என்று நானே களத்தில் இறங்கினேன்.

துணியைச் சேர்க்கும்போது நல்ல பக்கம் உள்ளே, கெட்ட பக்கம் வெளியே வைத்துத்தான் சேர்ப்போம். தைத்து முடித்துப் புரட்டிவிட்டால் சரியாகிவிடும். அது என் கையில் ஊறிப்போன பழக்கம், கை கேட்டுக்கொண்டா செய்யும்? கூரையைப் போட்டுக் கடைசித் திருகாணியையும் முறுக்கிவிட்டு நாலடி தள்ளி நின்று பார்க்கிறேன், வழவழவென்று பெயிண்ட் அடித்த பக்கம் உள்ளே போயிருக்கிறது. சட்டமும் திருகாணி முனையும் துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் ஊரைப் பார்த்து நிற்கிறது. ஷெட்டை யார் புரட்டுவது? வீட்டுக்காரர் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அவரோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்துவதற்கு அந்த மாதிரி இரண்டு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் மழையிலேயே வண்டவாளம் தெரிந்துபோயிற்று. தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடம் தலைகீழாகிவிட்டதால், வெளியே வழிய வேண்டிய தண்ணீர் மரியாதையாக உள்ளே வந்தது. ஒரு கட்டு நீலத்துணி முழுக்கக் கறை. துணிகள் பழையபடி சாப்பாட்டு மேசைக்குத் திரும்பின, ஷெட் காலியாக நின்றது. பின்பக்க ஜன்னலுக்கு நான் ஒரு திரை தைத்து மாட்டிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் வந்து சேர்ந்தார். வீட்டுக்காரருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவர் போனபிறகு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை பார்த்து மகனை ஆளாக்கியவர். கேன்டீனை மூடிவிட்டார்கள், கூடவே அவர் குடியிருந்த அறையும் போய்விட்டது. என் வீட்டுக்காரர் வேன் எடுத்துக்கொண்டு அழைத்துவரப் போனார். வந்த வேனில் முன்சீட்டு காலி. நாத்தனார் பின்னால் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கூடைகளில் கோழிகள். கேன்டீன் மிச்சத்தில் வளர்ந்த கோழிகள், அதிலும் ஒன்று எல்லாவற்றையும் கொத்தி விரட்டும் கொழுத்த கறுப்பி. அதற்கு சூப்பர்வைசர் என்று பேர்.

அவர் எத்தனை நாள் இருப்பார் என்பது வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. மகன் பெண்டாட்டி, மகளோடு ஒரு உயரமான அடுக்குமாடியில் குடியிருந்தான். அம்மாவுக்கென்று ஒரு அறையைத் தடுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். குளிர்காலம் முடிவதற்குள் வேலை முடிந்துவிடும், வந்து அழைத்துப் போகிறேன் என்று மாமனிடம் போனில் சொல்லிவிட்டான். அங்கே ஒரு பூந்தொட்டி வைப்பதற்கே சங்கத்தில் கேட்க வேண்டுமாம், கோழிக்கு எங்கே போவது? கோழிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான். மாமனும் மருமகனும் பேசி முடித்து நாத்தனாரிடம் சொன்னார்கள். அவர் சரி என்றார். அந்த சரியில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் உறவு விருந்தாளியாக இருக்கும்வரைதான் இனிக்கும் என்பது என் கட்சி.

வந்த மறுநாளே ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டார். ஷெட்டைச் சுற்றி ஒரு நடை, உள்ளே போய் ஒரு நடை. சுவரைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். கிண்டல் வரப்போகிறது என்று நான் பதிலைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"யாரு மாட்டினது இத?"

"நான்தான். என்ன இப்ப?"

"கோழிக்குன்னே மாட்டின மாதிரி இருக்கு," என்றார்.

கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார். கோழிக்கூட்டில் பேன் பெரிய தொல்லையாம். சட்டத்தின் இடுக்கு, திருகாணி முனை, விளிம்பு என்று எங்கே ஒளிய இடம் கிடைத்தாலும் குடும்பத்தோடு குடியேறிவிடுமாம். இந்த ஷெட்டில் இடுக்கெல்லாம் வெளியே இருக்கிறது, உள்ளே மொழுமொழுவென்று சுவர். ஒரு ஈரத்துணி போதும், துடைத்துவிடலாம். தீட்டி வைத்த பதில் வீணாகப் போனது. எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் அந்தச் சனியனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிட்டு மிஷினுக்குத் திரும்பினேன்.

அதற்கப்புறம் அவர் வேலை செய்ததை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ஆனால் பார்த்தேன். தைத்துக்கொண்டிருக்கும்போது கண் தானாக அங்கே போகும். மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கக் கூரை விளிம்பில் பழைய விளம்பரப் பேனரை இழுத்துக்கட்டி இறவாரம் மாதிரி நீட்டினார். என் உடைந்த வெட்டுமேசையின் கால்களை இழைத்து, முனை மழுக்கி, கோழிகள் உட்கார்ந்து தூங்கக் குறுக்குக்கட்டையாக்கினார். நூல்கண்டு போட்டுவைத்திருந்த பழைய இழுப்பறைகள், வெளியிலிருந்தே திறந்து எடுக்கிற மாதிரி சுவரில் பொருத்தி மூடி போட்டு, கோழிகள் முட்டையிடும் பெட்டிகளாயின. ஷெட்டின் கதவு தள்ளுகதவு. கோழிகளுக்காகத் தரையில் பரப்பிய மரச்சீவல் அது ஓடும் பள்ளத்தில் விழுந்து விழுந்து கதவு சிக்கிக்கொண்டது. உள்பக்கம் ஒரு பலகையை வாசல்படி மாதிரி நிறுத்தினார், சீவல் உள்ளேயே நின்றது, கதவு வெண்ணெயாக ஓடியது. எதையும் ஒரே தடவையில் சரியாகச் செய்கிற ஆள் இல்லை அவர். மாட்டுவார், நின்று பார்ப்பார், கழற்றுவார், வேறு உயரத்தில் மாட்டுவார். நானாக இருந்தால் இரண்டாவது தடவையே சுத்தியலைத் தூக்கி எறிந்திருப்பேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது.

கொஞ்ச நாளில் போகப்போகிறவர் எதற்கு இப்படி மெனக்கெடுகிறார் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். பொழுது போக வேண்டாமா என்றார் அவர். ஆண்பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு.

குளிர் இறங்கியது. இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். சுவரில் என் புண்ணியத்தில் ஏகப்பட்ட இடைவெளி. நான் போட்ட தையல் வழியாகக் காற்று போய்வருகிறது என்றால் எனக்கு மானப் பிரச்சினை. வெட்டுத்துணியெல்லாம் மூட்டை கட்டி எடுத்துப்போய், ஒரு கத்தரி முனையால் ஒவ்வொரு இடுக்கிலும் குத்திக் குத்தி அடைத்தேன். கதவுக்கு உள்பக்கம் ஒரு கனத்த திரையும் தைத்து மாட்டினேன். ஊசி போகிற இடம்கூட மிச்சம் வைக்கவில்லை. நாத்தனார் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தது இப்போது நினைத்தால் தெரிகிறது. நான் மனம் நோவேன் என்று விட்டுவிட்டார்.

சில நாளில் கோழிகள் முட்டையை நிறுத்தின. அப்புறம் தும்மல். கோழி தும்மும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூலையில் ஒண்டின. ஒரு நாள் காலையில், தவிட்டு நிறத்தில் சாதுவாக இருந்த கோழி ஒன்று செத்துக் கிடந்தது. குளிர் போதாதென்று ஏதோ நோய் என்றேன் நான், இன்னும் ஒரு திரை மாட்டலாமா என்று வேறு கேட்டேன்.

நாத்தனார் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஷெட்டுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். எதையாவது கூட்டிப் பெருக்குகிறார் என்று நினைத்தேன். ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்தேன், இன்னொன்றுக்கு வைத்தேன், ஆள் வரவில்லை. பயந்துபோய் ஓடிக் கதவைத் தள்ளினேன். அந்த மனுஷி மரச்சீவலில் சம்மணம் போட்டு, தலையைக் கவிழ்த்து, கோழியின் உயரத்துக்கு முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து தண்ணீர் கொட்டியது. சுவர்களில் நீர் முத்து முத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த வேகத்தில் ஒரு நெடி என் மூக்கில் குத்தியது, தொண்டை அடைத்தது.

"நின்னா தெரியல," என்றார். "உக்காந்தாதான் தெரியுது. அதுங்க இதத்தான் மூச்சு விட்டுகிட்டு இருந்திருக்கு."

எச்சமும் ஈரமும் மூச்சும் சேர்ந்து உள்ளேயே புழுங்கியிருக்கிறது. போக வழியில்லை. வழியை அடைத்தவள் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துச் சமாளித்திருப்பேன். சொல்லாததால் மாட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலத்துக்குள் தகரம் வெட்டும் கத்தரியால் கூரைக்குக் கீழே, இரண்டு பக்கமும், நீளமாக வெட்டி எடுத்துவிட்டார். புத்தம்புது ஷெட், உத்தரவாதச் சீட்டின் மை காயவில்லை, அவர் பாட்டுக்கு வெட்டுகிறார். வெட்டின இடத்தில் கம்பிவலை வைத்து விளிம்பை மடக்கினார். நான் அடைத்த துணியில் கீழ்வரிசையை மட்டும் விட்டுவிட்டு மேலே இருந்ததையெல்லாம் பிடுங்கினார். குளிர் உள்ளே வருமே என்று நான் மெதுவாக இழுத்தேன்.

"வரட்டும். போர்வைய உடம்போட கொண்டு வந்திருக்குங்க. குளிர் ஒண்ணும் பண்ணாது, ஈரம்தான் ஆகாது. காத்து தலைக்கு மேல போகணும், உடம்புல படக்கூடாது. அவ்வளவுதான்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. சுவர் காய்ந்தது. தும்மல் நின்றது. வெளியே தண்ணீர்த்தொட்டியில் மேல்தண்ணீர் உறைந்திருந்த ஒரு காலையில் சூப்பர்வைசர் முட்டையிட்டுவிட்டு ஊரையே கூட்டியது. மிஷினை நிறுத்திவிட்டு நான் கைதட்டினேன். யாரும் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பழகினோம். சாயங்காலம் கோழிகளை அடைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பித்தான் தைத்துக் கொடுப்பார். கேன்டீன் கதைகள் சொல்வார். பருப்பில் கல் கிடந்தது என்று சண்டைக்கு வந்த மேலாளரிடம், பல்லில்லாதவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று இவர் கேட்டாராம். நான் சிரித்த சிரிப்பில் தையல் கோணிப்போய்ச் சட்டையின் ஒரு கை முழுவதும் பிரிக்க வேண்டியதாயிற்று. என் வாய்த் துடுக்குக்கு அவர் எனக்கு ஊசி என்று பேர் வைத்தார். வேறு யாராவது வைத்திருந்தால் நடப்பதே வேறு. அவர் வாயால் கேட்கும்போது அது செல்லப்பெயர் மாதிரியே இருந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும்தான். திட்டுவதென்றால் மடை திறந்த மாதிரி வரும், இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் என் வாய்க்குப் பூட்டு.

மகன் போன் செய்யும்போதெல்லாம் அறை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்வான். சுவர் எழும்பியது, கதவு மாட்டியாயிற்று, பெயிண்ட் காய்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். நாத்தனார் சரி, சரி என்றார். போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஒரு விடுமுறை நாள் காலையில் கார் வந்து நின்றது. மகன் நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் மாமனுக்கும் பழம் வாங்கிக்கொண்டு வந்து, அத்தை, அம்மாவை நல்லாப் பாத்துகிட்டீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டான். அம்மாவின் பெட்டி விடிவதற்கு முன்பே வாசலில் இருந்தது. கோழிகளை வாங்கிக்கொள்ள ஆள் பார்க்கட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டான். அதற்குள் நாத்தனார் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"ஊசி, இன்னிக்கு ஒரு தடவ எல்லாத்தையும் நீ செய். நான் பாத்துகிட்டு நிக்கிறேன்."

அதுவரை அந்த ஷெட்டில் நான் கை வைத்ததெல்லாம் துணி அடைத்ததோடு சரி. தீவனம், தண்ணீர், முட்டை எல்லாம் அவர் பொறுப்பு. அழுகை வந்துவிடுமோ என்ற பயத்தில் மறுபேச்சு பேசாமல் போனேன். கதவுக் கொக்கியைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, கையை நீட்டினேன், இருந்தது. கதவைத் தள்ளினேன். தீவனச் சட்டி தொங்கும் கயிற்றை அண்ணாந்து பார்க்காமலே பிடித்தேன். வெளிப்பக்கமாக வந்து முட்டைப் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். அது என் இடுப்புக்கு நேராக இருந்தது. உள்ளே கையை விட்டால் கடைசி மூலை வரைக்கும் சரியாகப் போய் நின்றது. குனியவில்லை, எட்டிப் பிடிக்கவில்லை, எங்கும் இடிக்கவில்லை.

ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அளவெடுத்தே பிழைக்கிறவள் நான். ஒரு உடுப்பு ஒருவருக்குப் பிடித்த மாதிரி உட்கார்ந்தால் அது தற்செயல் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் கட்டை. நாத்தனார் என்னைவிட ஒரு தலை உயரம். இந்தக் கொக்கிக்கு அவர் முதுகை வளைக்க வேண்டும், இந்த முட்டைப் பெட்டிக்கு முட்டி போட வேண்டும். குளிர்காலம் முழுக்க அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்ததை நான் வயது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது யாரு அளவு?" என்று கேட்டேன்.

"உன் அளவுதான். கொடியில உன் நைட்டி காயும்போது பாத்துகிட்டேன்." எங்கோ பார்த்தபடி சொன்னார். "தம்பி இதுக்கெல்லாம் ஆகமாட்டான். நான் போனப்புறம் நீதான பாக்கணும். கஷ்டமா இருந்தா குடுத்துடுவ. கஷ்டமில்லாம இருந்தா ஒருவேள வச்சுப்பியோன்னு..."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

"போகணும்னு உங்களுக்கு ஆசையா இருக்கா?"

"என்னைய யாரு கேட்டா?" என்றார்.

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டார். பின்வாசலில் மகனும் மாமனும் வந்து நின்றிருந்தார்கள். பெட்டி மகன் கையில் இருந்தது. எந்நேரமும் வழியும் என் வாய் அன்று காய்ந்து கிடந்தது. பெரும்பாடுபட்டுத்தான் திறந்தேன்.

"நான் கேக்கறேன். இப்ப கேக்கறேன். போகாதீங்க அண்ணி. கோழிக்காகச் சொல்லல. எனக்கு நீங்க வேணும். சாயங்காலமானா நீங்க வந்து உக்காரலேன்னா எனக்குக் கை ஓடாது."

நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மகன் கொஞ்சம் தயங்கி, "அறை ரெடியா இருக்கும்மா," என்றான். அறை இருக்கட்டும், பேத்தியைப் பார்க்க வரும்போது படுத்துக்கொள்கிறேன் என்றார் அவர். மகன் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தான்.

எனக்குப் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. "அப்ப இந்த அளவு தப்பு," என்றேன். "கொக்கி, பெட்டி, எல்லாத்தையும் பிரிங்க. இனிமே இதுல தினம் வேல பாக்கப்போறது யாரோ அவங்க அளவுக்கு மாட்டணும்." கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றேன். "நேரா நில்லுங்க."

"குனிஞ்சே பழகிடுச்சு," என்றார்.

"நிமிருங்கன்னா."

நிமிர்ந்தார். அவர் தோளுக்கு டேப்பைப் பிடிக்க நான்தான் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது.